பாவாயி சொன்னதை அப்படியே சொன்னேன்

என்னைப்போல் ஓடிவந்த ரங்கூன் உறவுகளே, அங்கே விடிந்தால் மீன்சாறு மணக்க மொஹிங்கா விற்பவளின் கூவல் எழுப்பும். இங்கே கொல்லிமலை வாழவந்தி நாட்டில் நாத்தனார் பாவாயி என் முதுகில் வைக்கும் அடிதான் எழுப்புகிறது. பிறவியிலேயே அவளுக்குக் காது கேளாது, பேச்சும் வராது. கை மட்டும் ஓயாது. போருக்குப் பயந்து கணவருடன் அவர் பிறந்த இந்த மலைக்கு ஓடிவந்த நாளிலிருந்து எனக்கு வாய்த்த தோழி அவள்தான். ரங்கூன் சந்தையில் பாதிப்பேர் பேச்சு மீதிப்பேருக்குப் புரியாது. பர்மியக் கிழவிகளிடம் கையாலேயே சண்டை போட்டு மீன் வாங்கியவள் நான். இங்கேயோ பேச்சு வராதவளுக்குப் புத்தியும் வராது என்று ஊரே நினைக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் இதே மலையில் குண்டூர் நாட்டில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்க மாமனார் பேசி முடித்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிச்சயம் செய்ய மாப்பிள்ளையோடு ஊர் கூடியதும் பாவாயி என்னை இழுத்துப்போய் நடுவில் நிறுத்தினாள். "அவ சொல்றத அப்படியே சொல்றேனுங்க" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அவள் கை பறந்தது. "மாப்பிள்ளை மூக்குப்பொடி போட்டுத் தும்முனா, இவ கிண்டுன களி நாசமாப் போயிருமாம்." அடுத்து மாமனார் பக்கம் திரும்பி, மீசையை முறுக்கி, தாலி கட்டுவதுபோல் காட்டினாள். இதை எப்படிச் சொல்வது? அவர் போடும் சோற்றைத்தானே தின்கிறேன்! கணவர் கண்ணாலேயே கெஞ்சினார். என் உதடு அசையாததைக் கண்ட பாவாயி இடுப்பில் கிள்ளினாள் பாருங்கள், கொட்டிவிட்டேன்: "அவரை அவ்வளவு புடிச்சிருந்தா எங்கப்பனே கட்டிக்கட்டும்ங்கறா!"

முதலில் குலுங்கிச் சிரித்தவர் மாப்பிள்ளைதான். "நெசந்தானுங்க, நான் ரொம்பத் தும்முவேன்!" ஊர்க்கவுண்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம், "ஏனம்மிணி, அப்ப அவளுக்கு என்னதான் வேணுமாம்?" என்றார்.

"என்னை ஏனுங்க கேக்கறீங்க? அவளப் பாத்துக் கேளுங்க."

அவர் கூச்சத்தோடு பாவாயியைப் பார்த்துக் கையை விரித்தார். அவள் தன் நெஞ்சைத் தொட்டாள், கண்ணைத் தொட்டாள், கூட்டத்தில் இருந்த ஆண்களை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள். "மாப்பிள்ளைய அவளே பாத்துக்குவாளாம்" என்றேன். "சரி, அவளே பாக்கட்டும்" என்று எழுந்துவிட்டார் கவுண்டர். எனக்கு அங்கேயே ஆட வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மாமனார் கொதித்தார். "நீ பர்மாவுக்கே போயிரு!" அப்பா என்ன சொல்கிறார் என்று பாவாயி கேட்டாள். ஒளிக்காமல் அதையும் கையால் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, உள்ளங்கையைக் கப்பல்போல் குவித்தாள். ஒரு விரலை அதில் நிறுத்தி என்னைக் காட்டினாள். பக்கத்தில் இன்னொரு விரலை நிறுத்தித் தன்னைக் காட்டினாள். போகலாமா என்று புருவத்தை உயர்த்தினாள். ரங்கூன் உறவுகளே, விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு, ரங்கூனுக்கா இந்த மலைக்கா, அந்தக் கப்பலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்தபடி நின்றேன்.