நேரலையில் நான் சொன்ன பொய்

கலைத்துப்போட்ட எழுத்துகளிலிருந்து சொல்லைக் கண்டுபிடிக்கும் தொலைக்காட்சிப் போட்டிக்கு, மலேசியாவின் பாசிர் கூடாங்கில் உள்ள என் வீட்டிலிருந்து பல வாரங்கள் முயன்று அன்றுதான் எனக்குத் தொலைபேசி லைன் கிடைத்தது.

“கலங்கரை விளக்கம்” என்றேன். சரியான விடை.

“அருமை! என்ன வேலை செய்றீங்க?” என்று கேட்டார் அறிவிப்பாளர்.

கூச்சத்தில், “டீச்சர்” என்று பொய் சொல்லிவிட்டேன்.

“அதானே! சாதாரண ஆளுங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?” என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது.

“மன்னிக்கணும், பொய் சொல்லிட்டேன். நான் டீச்சர் இல்ல, ஃபேக்டரியில டாய்லெட் கழுவுறேன். ஆனா விடை நானா கண்டுபிடிச்சது. பரிச நீங்களே வச்சுக்குங்க, சாதாரண ஆளுங்களப் பத்தி இப்ப சொன்ன பேச்ச மட்டும் திரும்ப வாங்கிக்குங்க!” என்றேன்.

அவர் வாய் திறப்பதற்குள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். பரிசு வரவே இல்லை.

வருத்தமில்லை. அவருக்கு முன்பே என் வேலையை இழிவாக நினைத்தவள் நான்தான். அன்றோடு அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.