லிஸ்டில் விடுபட்ட மூன்று படகுகள்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, நான் ஃப்ளோரா. ராயபுரத்துக்காரி. என்னை எல்லாருக்கும் தெரியும். நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பது மட்டும் தெரியாது.

காசிமேட்டில் படகுக்காரர் சங்க ஆபீசில் எனக்கு வேலை. எந்தப் படகு கடலுக்குப் போனது, எது திரும்பியது, எதில் என்ன ஒயர்லெஸ் எண் என்று கம்ப்யூட்டரில் மூன்று டேபிள். அதில் வேண்டியதைக் கேட்டு எடுக்க எஸ்.க்யூ.எல். என்ற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வயதில் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். என்டர் தட்டும் முன் ஒவ்வொரு தடவையும் சிலுவை போட்டுக்கொள்வேன். அவ்வளவு பயம்.

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புயல் நம் பக்கம் திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. இன்னும் கடலில் இருக்கிற படகுகளின் லிஸ்ட் கேட்டார் செயலாளர். பதினான்கு வந்தது. என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் ஓட்டும் படகு அதில் இல்லை. கரைக்கு வந்துவிட்டார்! ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். கடல் கொந்தளித்தால் படகு பேரைச் சொல்லி ஜெபிப்பது நம் வழக்கம்தானே. நான் லிஸ்டை வாசிக்க, பேருக்குப் பேர் "கரை சேர்த்துடும் ஆண்டவரே" என்றார்கள். அம்மனைக் கும்பிடுகிறவர்களும் சேர்ந்து சொன்னார்கள். என் ஆள் வந்தாச்சு என்ற தைரியத்தில் என் குரல்தான் பெரிதாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்.

முடித்ததும் பக்கத்து வீட்டுக் காளியம்மா என் கையைப் பிடித்தாள். அவள் புருஷனும் ஆரோக்கியத்தோடு அதே படகில்தான் போயிருந்தார்.

"இன்னாக்கா, நம்ம போட்டு பேரை மட்டும் உட்டுட்ட?"

"நம்மது வந்துடுச்சிமே."

"யாரு சொன்னா? காலைலேர்ந்து இங்கதான நின்னுகினு கீறேன். எங்க வந்துச்சி?"

உள்ளே ஓடினேன். திரையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. "அந்தோணியாரே, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவரே, என் புருஷனைக் கண்டுபிடித்துக் கொடும்" என்று வாய்விட்டு அழுதேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது ஒரே ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. ஜாயின். ஒயர்லெஸ் எண்ணும் வரட்டும் என்று அந்த டேபிளை வெறும் ஜாயினில் சேர்த்திருந்தேன். அப்படிச் சேர்த்தால் எண் பதியாத படகு பேரோடு காணாமல் போய்விடும். எங்கள் படகில் புது ஒயர்லெஸ் செட் மாட்டியபோது பழைய எண்ணை அழித்தவள் நானேதான். புதுசை ஏற்றாமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தேன். எண் இல்லாவிட்டாலும் படகை விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயின் என்று மாற்றித் தட்டினேன்.

பதினேழு படகு. கடைசிப் பேர் எங்களுடையது.

விடுபட்ட மூன்று படகின் பேரையும் சொல்லித் தேடச் சொல்லி, செயலாளர் கடலில் இருந்த எல்லாப் படகுக்கும் ஒயர்லெஸ்ஸில் அறிவித்தார். அதில் இரண்டு, எண்ணூர் பக்கம் வந்துகொண்டிருப்பதாகப் பதில் வந்தது. எங்களுடையதிலிருந்து பதிலே இல்லை. நானும் காளியம்மாவும் தரையில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். செத்துப் பிழைத்தோம்.

சாயங்காலம் வந்தார்கள். காட்டுப்பள்ளிக்கு நேரே இன்ஜின் நின்று, பேட்டரியும் போய், அலையில் கிடந்திருக்கிறார்கள். கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகு, அறிவிப்பைக் கேட்டுத் தேடிப்போய்க் கயிறு கட்டி இழுத்துவந்தது. படகில் இருந்த ஐந்து பேரும் உயிரோடு.

"இன்னாத்துக்குமே அழுவுற, வந்துட்டன்ல" என்றார் ஆரோக்கியம். அவர் பல் தந்தியடித்தது.

இப்போதெல்லாம் எண்ணிப் பார்க்காமல் நான் எந்த லிஸ்டையும் கொடுப்பதில்லை. பயம் இன்னும் போகவில்லை, ஆனால் அந்தப் பயத்தோடேயே ஆண்டவரிடம் போகத் தெரிந்துகொண்டேன். நீங்களும் போங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று நான் தனியாக ஜெபித்திருந்தால், நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்திருப்பேன்.