பிளாட்டர்காரர் வீட்டம்மா

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. கீழ்வீட்டுக்காரர்கள், தபால்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் அவள் பிளாட்டர்காரர் வீட்டம்மா. அவளும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள்தான். ஃப்ரேமில் லென்ஸ் பொருத்துவாள், காது வலிக்கிறது என்று வருபவர்களுக்குக் கம்பியை வளைத்துக் கொடுப்பாள், எள்ளளவு ஸ்க்ரூவை இடுக்கியால் பிடித்து முடுக்குவாள். ஆனாலும் கண்ணாடிக்கடை அம்மா என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை.

பிளாட்டர் என்பது கணினிக்காகப் படம் வரையும் இயந்திரம். பெரிய தாளில் அச்சடிக்கும் வசதி வருவதற்கு முன்னால் கட்டடம், சாலை, கப்பல் என்று எதன் வரைபடமானாலும் அதுதான் நிஜப் பேனாவைப் பிடித்து ஒவ்வொரு கோடாக இழுக்கும். அதைப் பழுதுபார்க்க அந்த ஊரில் அவள் கணவரை விட்டால் ஆள் கிடையாது. அவர் வருகிறார் என்றால் அலுவலகங்களில் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த நாற்காலியை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். உலகத்தில் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் அதைக் கெடுக்கப் பிறந்தவர்கள். "இவளா? மூக்குக்கு ஆணி அடிக்கிற உத்தியோகம்" என்று விருந்தாளிகளிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

பிளாட்டர்கள் வழக்கொழிந்த பிறகு ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்த்தார். அதை ஒரு வேலையாகவே அவர் மதிக்கவில்லை. அந்த ஆத்திரமும் வீட்டுக்குத்தான் வந்தது. பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் குளியலறையில் சரிந்து விழுந்தார். வலது பக்கம் முழுவதும் போயிருந்தது. மெல்ல மெல்லக் காலில் கொஞ்சம் உயிர் வந்தது, கை வரவில்லை. பேச்சு வந்தும் அவர் பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொடுத்ததைச் சாப்பிடுவார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக அவள் கடை வேலையை விட்டாள்.

அந்த மாதங்களில் ஒருநாள் தண்ணீர் டம்ளரை இடது கையால் வாங்கியவர், "தேங்க்ஸ்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் காதில் விழாத சொல். சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஓர் ஆர்க்கிடெக்ட் போன் செய்தார். அவருடைய அப்பா காலத்துப் பிளாட்டர் ஒன்று அலுவலகக் கிடங்கில் கிடந்தது. கீழ்த்தளத்தைப் பழைய கருவிகளின் காட்சிக்கூடமாக மாற்றப் போகிறாராம். மின்சாரப் பகுதிகளை ஒரு நண்பர் சரிசெய்துவிட்டார், ஆனால் அசைய வேண்டிய எதுவும் அசையவில்லை.

"கொண்டு வாங்க. பண்ணிடலாம்" என்றார் கணவர்.

போனை வைத்ததும் அவள் கேட்டாள். "எந்தக் கையால பண்ணுவீங்க?"

அவர் மடியில் கிடந்த வலது கையை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போலப் பார்த்தார். பிறகு சொன்னார். "உன் கை சும்மாதான இருக்கு."

அவள் மறுக்கவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவர் யாரிடமோ முழுதாகப் பேசியிருந்தார். இந்த வேலை அவரை எழுப்பி உட்கார வைக்கும் என்றால் கையைக் கொடுப்பதில் என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

ஆட்கள் இயந்திரத்தைத் தூக்கி வந்தபோது அவர் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். முன்னறையில் சாப்பாட்டு மேஜை இருந்த இடத்தில் பிளாட்டர் உட்கார்ந்தது. மேஜை படுக்கையறைக்குப் போனது. அவளும் அவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

மூடியைக் கழற்றியபோது உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருந்தது. பேனாவைத் தாங்கி நகர வேண்டிய வண்டி, அதன் எஃகுத் தண்டிலேயே உறைந்துபோயிருந்தது. தாளை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளைகள் உருகித் தார் போல் வழிந்திருந்தன. அவள் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃப்ரேமின் இடுக்குகளில் சேரும் அழுக்கை எடுத்துப் பழகிய கை. ஒவ்வொரு பேரிங்கையும் கழற்றிக் கழுவி, விரலால் சுழற்றிப் பார்த்துத் துணியில் வரிசையாக வைத்தாள்.

"அழுத்தாத. மெதுவா. உனக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று நாற்காலியிலிருந்து குரல் வரும். கொஞ்ச நேரம் கழித்து, "இப்படி ஆமை மாதிரி பண்ணா அடுத்த ஜென்மத்துலதான் முடியும்" என்று அதே குரல் வரும்.

உருளைகளுக்குப் புது ரப்பர் வேண்டியிருந்தது. லேத்துக்காரரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றார் அவர். அவள் சரியான கனத்தில் ரப்பர் குழாய் வாங்கி வந்து, துண்டாக வெட்டி உருளை மேல் இறுக்கமாக ஏற்றினாள். கை ட்ரில்லைப் படுக்கையறை மேஜையோடு சேர்த்துக் கட்டி, உருளையை அதில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளைப் பட்டும் படாமலும் பிடித்தாள். கறுப்புத் தூள் பறந்தது. அடிக்கடி நிறுத்தி அளவு பார்த்தாள். முடிந்ததும் அவர் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டின் மேல் உருட்டினார். நேராக ஓடியது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒரே ஒரு நாள் வேறு மாதிரி இருந்தது. மோட்டார் தண்டிலிருந்த பிளாஸ்டிக் கியரில் முடி மாதிரி ஒரு விரிசல். அது திறந்து மூடும்போதெல்லாம் கோடு துள்ளும், அந்தக் கியரோ இனிமேல் எங்கும் கிடைக்காது. அவர் வெகு நேரம் யோசித்து, கியரின் கழுத்தில் பித்தளை வளையம் ஒன்றை இறுக்கமாக ஏற்றினால் விரிசல் மூடிக்கொள்ளும் என்றார். லேத்துக்காரரிடம் வளையம் செய்து வாங்கி வந்தாள். ஏற்றும்போது அவரும் குனிந்து, இடது கையால் கியரின் அடியைத் தாங்கிப் பிடித்தார். இருவர் தலையும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன.

"மெதுவா... இன்னும் கொஞ்சம்... ம். அதான்."

'அதான்' என்ற அந்த ஒரு சொல்லை அவள் இரண்டு மூன்று நாட்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் கம்பிவடம் வந்தது. பேனா வண்டியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுப்பது மெல்லிய எஃகு வடம். மோட்டாரின் உருளையில் சுற்றி, இரண்டு பக்கப் புல்லிகள் வழியாகப் போய் வண்டியில் முடியும். அவள் சுற்றினாள். ஓட்டிப் பார்த்தால் வடம் தன் மேலேயே ஏறிச் சிக்கிக்கொண்டது. பிரித்துத் திரும்பச் சுற்றினாள். மறுபடி சிக்கல். வடத்தின் பிசிறுகள் விரல்நுனிகளில் ஏறின. ஒரு வாரம் போயிற்று. அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்யலாம் என்று கேட்டால், "நல்லா யோசி" என்பார்.

கடைசியில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் உருளையில் பழைய வடம் தேய்த்த தடம் தெரிந்தது. ஒரு முனை மேல் வழியாகவும் மறு முனை அடி வழியாகவும் போயிருந்தது.

"ஒரு முனை கீழ போகணுமா?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? இதே மாதிரி எத்தனை பார்த்திருக்கேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் பிஸ்கட் துகளைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டார். "எல்லாத்தையும் உனக்குச் சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு இங்க? கொஞ்சம் படட்டும்னுதான் விட்டேன்."

அவள் எழுந்து போய் விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். எரிந்தது. அன்று மாலை வெளியூரிலிருந்த மகள் போனில் அப்பாவோடு பேசிவிட்டு அவளிடம் சொன்னாள். "குரல் எவ்வளவு தெளிவாயிடுச்சும்மா. பழைய அப்பா வந்துட்டாரு."

"ஆமா. வந்துட்டாரு" என்றாள் அவள்.

வந்துதான் விட்டார். தேநீர் சூடில்லை என்று டம்ளரை நகர்த்தி வைக்கிற ஆள், கதவை மெதுவாகச் சாத்தத் தெரியாதா என்று கேட்கிற ஆள். தண்ணீர் வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் சொன்னவரை அதற்கப்புறம் அவள் பார்க்கவே இல்லை. அந்த மனிதரைத் தானே உட்கார்ந்து ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிவிட்டோமோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

வடம் சரியாகச் சேர்ந்த பின் ஆர்க்கிடெக்டின் ஆட்கள் கணினியைக் கொண்டு வந்து இணைத்தார்கள். இந்த முறை அவர் கையை மறைக்கவில்லை. பேனா இறங்கியது. வண்டி பக்கவாட்டில் ஓட, தாள் முன்னும் பின்னும் போய்வர, ஒரு வட்டம் வளர்ந்து மூடிக்கொண்டது. எல்லோரும் நகர்ந்த பிறகு அவள் பூதக்கண்ணாடியை எடுத்து வட்டம் சேர்ந்த இடத்தைத் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. தன் கையால் இப்படியொன்று நடந்ததாக அவளுக்கு நினைவில்லை. உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. "வேகம் பத்தல" என்று பின்னாலிருந்து அவர் சொன்னது அப்போது அவளுக்கு உறைக்கவே இல்லை.

திறப்பு விழாவுக்கு இஸ்திரி போட்ட சட்டையும் கைத்தடியுமாக அவரை அழைத்துப் போனாள். கூடத்தின் நடுவில் பிளாட்டர். பக்கத்தில் ஒரு அட்டையில், புதுப்பித்தவர் என்று போட்டு அவர் பெயர். இயந்திரம் ஒரு பழைய பாலத்தின் படத்தை வரைய ஆரம்பித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"இந்த வயசுல, இந்த உடம்போட, ஐயா ஒத்தக் கையால இதைப் பண்ணிருக்காரு" என்றார் ஆர்க்கிடெக்ட் ஒலிபெருக்கியில். அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி சார் முடிஞ்சுது?" என்று யாரோ கேட்டார்கள்.

"மனசு வெச்சா ஒரு கை போதும்."

ஆர்க்கிடெக்ட் அவள் பக்கம் திரும்பினார். "அம்மாவும் கூடவே இருந்திருப்பீங்க. பெரிய பொறுமை வேணும்."

"அவ இல்லன்னா டீ யாரு போடறது?" என்றார் கணவர்.

கூடமே சிரித்தது. அவளுக்கு வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும்போது ஆர்க்கிடெக்டின் காரில் மெல்லக் கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"என்னன்னு?"

"நான்தான் பண்ணேன்னு."

"வேலை யாரோடது? சொல்லிக் குடுத்தது யாரு? ஸ்பேனர் பிடிச்சவங்க பேரையெல்லாமா எழுதி வைப்பாங்க?" அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். டிரைவர் கண்ணாடியில் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரமே அவள் கண்ணாடிக் கடை முதலாளியைப் போய்ப் பார்த்தாள். அரை நாள் வேலைக்கு வரச் சொன்னார். "போயேன். யாரு வேண்டாம்னா?" என்றார் கணவர்.

மழைக்காலம் தொடங்கும்போது ஆர்க்கிடெக்ட் மறுபடி போன் செய்தார். பேனா மேலே எழும்ப மாட்டேன் என்கிறதாம். ஒரு கோடு முடிந்து அடுத்த கோட்டுக்குப் போகும்போது தாளெல்லாம் கிழித்துக்கொண்டு போகிறதாம். அந்தப் பேச்சு காதில் விழுந்த உடனே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பேனாவைத் தூக்கும் கையைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ கழன்றிருக்கிறது. கண்ணாடிக் கடையில் எந்த ஸ்க்ரூவானாலும் ஒரு துளி பசை வைத்துத்தான் முடுக்குவார்கள். அன்று அவள் வைக்கப் போனபோது, இது மூக்குக்கண்ணாடி இல்லை என்று அவர்தான் தடுத்திருந்தார்.

"நாளைக்கே வந்து பார்க்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார். "அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டை எடுத்து வை."

எடுத்து வைத்தாள். பையில் பூதக்கண்ணாடியும் துணியும் வைத்தாள். மறுநாள் சட்டையை மாட்டிவிட்டுப் பொத்தான் போட்டாள். தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு, ஒரு பை போதாதா?" என்றார்.

"இது கடைக்கு."

"இன்னைக்கு லீவு சொல்லிடு."

"எதுக்குங்க? டீ அங்கயே போட்டுத் தருவாங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கீழே கார் ஹாரன் அடித்தது. கைத்தடியை ஊன்றிக் கிளம்பினார். படியிறங்க மட்டும் அவள் கை கொடுத்தாள்.

அங்கே நடந்ததை அப்புறம் டிரைவர் மூலம் தெரிந்துகொண்டாள். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இடது கையால் முயன்றதில் அந்த ஸ்க்ரூவும் உள்ளே விழுந்து உருண்டுவிட்டது போலிருக்கிறது. தரையில் விழுந்ததாக நினைத்து முட்டி போட்டுத் தேடியவரால் எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிடவும் இல்லை. சந்தேகப்பட்டுக் கதவைத் திறந்த டிரைவர்தான் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்.

அவள் கடையிலிருந்து திரும்பியபோது அவர் ஜன்னலோரம் இருந்தார். முட்டியில் தூசி.

"அந்த பார்ட் தேஞ்சுபோச்சு. இனிமே கிடைக்காது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். ஆர்க்கிடெக்டிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

பார்ட் எதுவும் தேயவில்லை, கழன்றது ஒரு ஸ்க்ரூதான் என்பது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்க அவளுக்கு ஒரு கணம் நாக்கு வரை வந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் முட்டியைத் துடைத்துவிட்டாள். அவர் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

பிளாட்டரைத் துணியால் மூடி, முன்னால் ஒரு கயிறு கட்டிவிட்டார்கள். பெயர் அட்டை அப்படியே இருக்கிறது. அவள் கடைக்குப் போகும் பேருந்து அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூடிய உருவம் தெரியும். உள்ளே கிடக்கும் ஸ்க்ரூவைத் தேடி எடுத்து, ஒரு துளி பசை வைத்து முடுக்கினால் அது நாளைக்கே வரையும். ஒருமுறை அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டாள்.

"இறங்கறீங்களாம்மா?" என்றார் நடத்துனர்.

அவள் இல்லை என்று தலையசைத்துவிட்டு, காலியாக இருந்த வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.