செல்லாயியை எழுதியவர் கனகவல்லி

ஸ்ரீரங்கம் கனகவல்லி அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது, பாலக்கரையில் என் தையல் கடையில் ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்துவிட்டுத்தான் அழுதேன். பாதியில் விட்டால் அக்காவுக்குப் பிடிக்காது.

சூனியக்காரி செல்லாயி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஆள் பிடிக்கும் ரத்தக்காட்டேரி, பேரம் பேச வரும் பேய் எல்லாம் வரும் பதினொரு நாவல்களை எழுதியவர் அவர். அட்டையில் மட்டும் ‘மாயழகன்’ என்று ஓர் ஆண்பிள்ளை பெயர். பேய்க்கதை எழுதுகிற பெண் இருக்கும் வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள் என்று அக்காவின் கொழுந்தனார் குதித்ததால் வந்த பெயர் அது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். யார் எழுதியது என்று சொல்லாமல் அக்கா கொடுத்த முதல் நாவலை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். காட்டேரியால் ஓடும் தண்ணீரைத் தாண்ட முடியாதாம். காவிரியும் கொள்ளிடமும் சுற்றி ஓடுவதால் சித்திரைத் தேர் முடியும்வரை ஸ்ரீரங்கத்துக்குப் பயமில்லையாம். எனக்கு எரிச்சல் வந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்த அக்காவிடம் சொன்னேன்.

“இந்த ஆளு சித்திரையில காவிரியப் பாத்ததே இல்ல போலக்கா. மணல்ல நடந்தே வந்துருமே காட்டேரி.”

கையைத் தூக்கியபடி நின்றவர் சிரித்துவிட்டார். “ஆளு இல்ல சவுந்தரம். நான்தான் அது.”

இரண்டாவது நாவலில் காட்டேரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தது. அதைத் தடுக்க, காவிரியில் தண்ணீர் விடச் சொல்லி செல்லாயி பேயிடம் கேட்டாள். தண்ணீர் விடுகிறேன், ஆனால் விடச் சொன்னது நீ என்று ஒருவருக்கும் நினைவிருக்கக் கூடாது என்றது பேய். அவளும் ஒப்புக்கொண்டாள். அதற்காக அக்காவோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.

“ஊருக்காக ஒத்துக்கிட்டா. அவளுக்கு மனசு ஆறல, எனக்கும்தான்,” என்றார் பிறகு. “பன்னெண்டாவதுல அவ பேரைத் திருப்பி வாங்கிருவா. அட்டையில என் பேரும் வரும் பாரு.”

பன்னிரண்டாவதைத் தொடங்குமுன் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில் ‘சிறந்த இல்லத்தரசி’ என்று மட்டும் போட்டிருந்தது. நாவல்கள் எங்கே என்று கொழுந்தனாரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? போனவங்க நிம்மதியா இருக்கட்டும்.”

“அவங்க இருப்பாங்க. நான் இருக்க விட மாட்டேன் உங்கள.”

துக்க வீட்டில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்கிறார்கள். பேசினேன்தான். முப்பது வருடமாக அந்த மனிதருக்கு ஒரு தலையணை உறைகூட நான் தைத்துக் கொடுத்ததில்லை. இனியும் மாட்டேன்.

என் கடைக்குத் துணி வந்ததும் பெயரெழுதிய சீட்டைக் குத்திவிடுவேன். இல்லையென்றால் ஒருத்தி துணி இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விடும். அக்கா கொடுத்த பதினொரு நாவல்களும் என்னிடம் இருக்கின்றன. குண்டூசி கழன்றுவிடும் என்பதால், ஒவ்வோர் அட்டையிலும் பெயர்ச் சீட்டை ஊசி நூலால் தைத்துவிட்டேன். அக்காவைத் தெரிந்தவர்கள் உங்களிடம் இருக்கும் நாவல்களையும் கொண்டுவாருங்கள். என் எழுத்து கோணல்தான். ஆனால் கனகவல்லி என்று படிக்க வரும்.