கைராசி என்று நான் சொன்னது

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். சங்கரன்கோவிலில் ஒரு பருத்திக் கடையில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. குருவிகுளம் பக்கமிருந்து வண்டிகள் வரும். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, ஈரமா காய்ந்ததா, இழை நீளமா குட்டையா என்று நான் சொன்னால் அதுதான் விலை. கெட்டிக்காரன் என்றார்கள், விவரமானவன் என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கும் தலை கனத்துப்போனது.

உண்மையில், சந்தேகமான மூட்டை வந்தால் ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். என் மனைவி இளையரசனேந்தல்காரி, பருத்திக் காட்டிலேயே வளர்ந்தவள். விரலால் இழுத்துப் பார்த்து, கன்னத்தில் ஒற்றி, "நேத்துத் தண்ணி தெளிச்சிருக்காவ. வாங்காதிய" என்பாள். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

விஷயம் எப்படியோ முதலாளி காதுக்குப் போய்விட்டது. "ஏம்வே, வீட்டுலதான் தரம் பாக்காவளாமே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் தெறமையில்ல அண்ணாச்சி, ஏதோ கைராசி" என்று சிரித்து மழுப்பினேன். கடையில் இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஐப்பசியிலேயே, விதைக்கப் போகிறவர்கள் முதல் பிடி விதையை அவள் கையால் வாங்கிப் போனார்கள். விடிந்ததும் குளித்து, நார்ப்பெட்டியில் விதையோடு வாசலில் நிற்பாள். அவளுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

மறு சித்திரையில், நமக்குத் தெரியாததா என்கிற திமிரில், அவளிடம் காட்டாமலே பத்து மூட்டை எடுத்தேன். அத்தனையும் ஈரம். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். பயத்தில் வாய்கூசாமல் சொன்னேன்: "வீட்டுல பாத்துத்தான் சொன்னா அண்ணாச்சி. அவ ராசி போயிட்டு போல."

திறமை என்று சொல்லியிருந்தால் ஒரு பிசகை மன்னித்திருப்பார்கள். ராசி போனால் போனதுதான். அந்த வார்த்தையை அவளுக்குக் கொடுத்தவனும் நான், பிடுங்கியவனும் நான்.

ஐப்பசியில் மழை விழுந்தது. வழக்கம்போல் குளித்து, நார்ப்பெட்டியோடு வாசலில் நின்றாள். ஏரும் மாடுமாக எங்கள் தெரு வழியேதான் போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. வெயில் ஏறிய பிறகு உள்ளே வந்து, "அந்தப் பத்து மூட்டைய நான் தொடவேயில்லையே. அவியகிட்டச் சொன்னியளா?" என்றாள்.

"சொல்லுதேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள் சாகிறவரை யாரிடமும் சொல்லவில்லை.