தலைவரே போட்ட கையெழுத்து

எங்கள் பாயான் லெப்பாஸ் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் சட்டவிதிப்படி, தலைவர் பதவியில் இருக்கும்வரை அவர் செய்யும் எதையும் யாரும் விசாரிக்க முடியாது.

அந்தத் தைரியத்தில்தான் சங்க மண்டபம் முழுக்கத் தன் தம்பி விற்கும் டுரியான் பழக் கூடைகளை அடுக்கி வைத்திருக்கிறார். அங்கே நடந்த பிள்ளைகளின் டியூஷன் வகுப்பு இப்போது படிக்கட்டில் நடக்கிறது.

அந்த விதியைத் திருத்தச் சொல்லி ஒரு வாரமாக வீடு வீடாகக் கையெழுத்துக் கேட்கிறேன்.

"நல்ல காரியம்லா தங்கச்சி" என்கிறார்கள். பேனாவை நீட்டினால் உடனே அடுப்பில் ஏதோ தீய்கிறது.

இன்று காலை லிஃப்டில் ஏறினால், உள்ளே தலைவரும் அவர் மனைவியும். கையெழுத்துத் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அந்த அக்கா பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது, குடு."

வாங்கிப் படித்தார். நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

"கூடைய ஏத்தி ஏத்தி கார் பூரா டுரியான் வாடை. நானும் எத்தன தடவ சொல்றது!"

தலைவர் தாளைப் பிடுங்கினார். கிழிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"இது எப்ப அமலுக்கு வரும்?"

"அடுத்த பொதுக்கூட்டத்தில ஓட்டெடுத்தப்புறம், அண்ணே."

விரல் விட்டு மாதங்களை எண்ணினார்.

"அதுக்குள்ள சீசன் முடிஞ்சிரும்லா. பேனாவ குடு."

போட்டே விட்டார்.

அவர் கையெழுத்தைக் காட்டியதும் இன்று மாலைக்குள் ஐந்து மாடிகளும் போட்டுவிட்டன. பிள்ளைகள் மட்டும் இன்னும் படிக்கட்டில்தான்.

நான் ஜெயித்தேனா, தோற்றேனா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.