பேர மட்டும் சொல்லு

அம்மாக்கண்ணு போனைத் தலைகீழாகத்தான் பிடிப்பாள். ஆட்டுப்பட்டியின் மூலைக் கம்பத்தில் கட்டியிருக்கும் கொட்டாங்குச்சியிலிருந்து அதை எடுத்து, கண்ணைச் சுருக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, வழியில் போகிறவர் யாராக இருந்தாலும் நிறுத்துவாள். "தே, இத்தப் பாரு. யாருக்கு வந்துகீது? பேர மட்டும் சொல்லு." நீட்டிய போனில் மேல் வரி மட்டும் தெரியும். மீதியைக் கட்டைவிரல் மறைத்திருக்கும். "தங்கவேல் மாமாவுக்கு" என்று பதில் வந்ததும் போனை மடியில் செருகிக்கொண்டு தங்கவேல் வீட்டுக்கு இறங்கிப் போவாள்.

காவலூருக்கு மேலே, தார்ச்சாலை முடிந்து இன்னும் ஏறினால் அம்மாக்கண்ணுவின் ஊர். எதிர்மலையில் வானாராய்ச்சி நிலையத்தின் வெள்ளைக் கூண்டு தெரியும். சிக்னல் மட்டும் இவள் ஆட்டுப்பட்டி மூலையைத் தவிர வேறெங்கும் நிற்காது. போனை ஒரு முழம் தள்ளி வைத்தாலும் போய்விடும். ஆதார் எடுக்க வந்தவர்கள் சிக்னல் கிடைக்கிற நம்பராகச் சொல்லுங்கள் என்றபோது ஊரே இவள் நம்பரைச் சொன்னது. பிறகு பேங்க், ரேஷன், காஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அதே நம்பரில் ஏறின.

வாத்தியாரிடம் ஒரு போன் வாங்கிக் கொடுத்து இங்கே வைக்கச் சொல்லலாமே என்று யாரோ அப்போதே கேட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் சக்கரவர்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. "படிச்சவன் கையில குடுத்தா படிச்சிடுவான்பா. இதுக்கு ஒரு எழுத்து தெரியாது. அதான் நமக்கு நல்லது" என்றார். அம்மாக்கண்ணு பக்கத்திலேயே நின்று ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது வெளியூர் வேலைக்குப் போய்வரும் இளவட்டங்களிடம் ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஆனால் நம்பரை மாற்ற ஆலங்காயம் இறங்கி விரல் ரேகை வைக்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கென்று இரண்டு சட்டங்கள் உண்டு. மேட்டிலிருந்து எதையும் கூவிச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடைக்காரர் போனில் வருகிற நம்பருக்காகக் காத்திருக்கிறார், யாரையாவது படிக்கச் சொல்லி அங்கிருந்தே கத்து என்று கீழேயிருந்து ஆள் குரல் கொடுத்தாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கித்தான் வருவாள். "வாயி ஒருத்தருக்கு கத்தும், காது ஊருக்கே கேக்கும். ஒனக்கு அவசரம்னா நீ மேல ஏறி வா." இரண்டாவது, படித்தவர்கள் படித்த கையோடு அழித்துவிட்டுத்தான் போனைத் திருப்பித் தர வேண்டும். அதனால் போன் எப்போதும் காலியாகவே இருக்கும்.

ஒருமுறை போளூரில் மகளுக்குப் பிரசவம் என்று போனோடு போய்விட்டாள். ஊரில் யாருக்கும் எந்த வேலையும் நடக்கவில்லை. திரும்பி வந்தவளிடம் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால், "நீ பாட்டுக்குப் போய்ட்ட, நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டார்கள். அதன்பிறகு அவள் எங்கேயும் தங்கியதில்லை. பேரனைப் படத்தில் பார்க்கலாமென்றால் பட்டன் போனில் படமும் வராது.

நாளெல்லாம் புளி உடைக்கிறாள், ஆடு மேய்க்கிறாள். இரவில் அசதி வருகிறது, தூக்கம் வருவதில்லை. முழங்கால்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வாள். காரணம் வேறு. அவளுக்குப் படிக்கத் தெரியும்.

யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, சொன்ன பேரையும் திரையில் கிடந்த எழுத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கிறாள். முனியம்மாவிலிருந்து முதல் எழுத்து கிடைத்தது. தங்கவேலிலிருந்து இன்னும் சில. பேர்கள் தீர்ந்தபோது மற்ற சொற்கள் தாமாகவே வாயைத் திறந்தன. எவர் எந்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், எவர் வீட்டு நகை ஏலத்துக்குப் போகிறது, எல்லாம் கண்ணில் விழுந்தன. திருவிழாவில் கூட்டத்தைப் பார்த்தால் முகங்களோடு அந்த வரிகளும் கூடவே வரும். கண்ணை மூடிக்கொள்வாள். தலைகீழாகப் பிடித்த போனில் கட்டைவிரல் எப்படிச் சரியாக இரண்டாம் வரிமேல் போய் உட்காருகிறது என்று இதுவரை ஒருவரும் யோசித்ததில்லை.

மாசி முடிகிற நேரம். முற்றத்தில் புளி குவிந்து கிடந்தது. போன் சத்தம் கேட்டு எழுந்து போனாள். பக்கத்தில் ஆளில்லை. போனை நேராகவே பிடித்துப் படித்தாள்.

'ரேணுகாதேவி, கருத்தடை வளையம் பொருத்த வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வரவும்.'

ரேணுகாதேவி அவள் தம்பி மகன் கோகுல்ராஜின் பெண்டாட்டி. பிறந்த இரண்டும் பெண். மூன்றாவது பையனாகப் பிறக்கும் என்று வீட்டில் குறி கேட்டு வைத்திருக்கிறார்கள். கோகுல்ராஜ் திருப்பூரிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தான். பெண்டாட்டி தனியாக ஆலங்காயம் பஸ்ஸில் போய்வந்ததை யாரோ அவன் காதில் போட்டிருந்தார்கள்.

அவன் இப்போது சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தான்.

மற்றவர்கள் அழிப்பதைப் பார்த்திருக்கிறாள், தானே செய்ததில்லை. இடது பட்டன், கீழே, கீழே, மறுபடி இடது. அழிந்தது. போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, ரேணுவுக்கு எதனா வந்துச்சா?"

"எனக்கு இன்னாடா தெரியும்? நீயே பாரு."

வாங்கிப் பார்த்தான். "ஒண்ணுமே இல்ல. இப்ப சத்தம் வந்துச்சே, ஏறி வர்றப்ப கேட்டனே?"

"வந்துச்சி. கை பட்டு எத அமுக்கினேனோ, காணாம பூட்ச்சி."

கோகுல்ராஜ் சிரித்துவிட்டான். "தற்குறிகிட்ட போயி ஊரே நம்பரக் குடுத்து வெச்சிகீது பாரு." போனைக் கொட்டாங்குச்சியில் போட்டான். "நாளைக்கே ஆலங்காயம் போயி எங்க வூட்டு நம்பரெல்லாம் என் போனுக்கு மாத்திடறேன். ஒனக்கு எதுக்கு அத்த இந்தத் தொல்லை?"

"மாத்திக்கோடா. காலு நோவு மிச்சம்" என்றாள். அவன் இறங்கிப் போகும்வரை புளி உடைக்கிற கட்டையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

இதுவரை போனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். ரேணுகாதேவி எட்டாவது படித்தவள், தானே படித்துக்கொள்வாள். இப்போது கொடுப்பதற்குப் போனில் எதுவும் இல்லை. வாயால் சொன்னால் கதை முடிந்தது. இத்தனை வருடமும் இவள் படித்தாளா என்று ஒருவர் கேட்டால் போதும், ஊரே தன் வீட்டுச் சமாசாரத்தை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிடும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை போய்விடும். நம்பரை அவன் மாற்றிய பிறகு அவளுக்கு இன்னொரு நாளைக் குறித்து யாரும் இங்கே அனுப்பப் போவதில்லை.

வெயில் தாழ்ந்ததும் ரேணுகாதேவி புளி உடைக்கக் கூடையோடு வந்தாள். அம்மாக்கண்ணு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அவளைப் பட்டிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"வியாழக்கெழம காலைல வர சொல்லிகீறாங்க. ஆஸ்பத்திரியில."

ரேணுகாதேவி முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். "யார் அத்த படிச்சி சொன்னது? வாத்தியாரா? முனியம்மாக்காவா? அய்யோ, அவரா?"

"யாரும் இல்லடி."

"யாரும் இல்லாம? சொல்லு அத்த, யாருக்குத் தெரியும்?"

"நான்தான்" என்றாள் அம்மாக்கண்ணு.

ரேணுகாதேவி அவளையே பார்த்தாள். ஒரு அடி தள்ளி நின்றாள்.

"அப்போ எல்லாத்தையும் படிச்சிருக்க."

"கண்ணுல வுழுந்துடுது. இன்னா பண்ண சொல்ற? கண்ண நோண்டிக்கவா?"

"இத்தினி வருசமா... எல்லாருதும்?"

அம்மாக்கண்ணு வாளியில் வாய் வைத்த ஆட்டின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அவன் நாளைக்கு நம்பர மாத்தப் போறான். போறதுன்னா வியாழக்கெழமயே போய்ட்டு வந்துடு."

முற்றத்தில் முனியம்மாவின் குரல் கேட்டது. "இன்னாக்கா, மாமியாரும் மருமவளும் ஆட்டுகிட்ட ரகசியம் பேசறீங்களா?" இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். முனியம்மா மட்டும் பேசினாள். ரேணுகாதேவி தலை நிமிராமல் புளி உடைத்தாள். உடைத்த ஓட்டையும் பழத்தையும் ஒரே குவியலில் போட்டுக்கொண்டிருந்தாள். முனியம்மா இருமுறை எடுத்துப் பிரித்துப் போட்டாள்.

போன் மறுபடி சத்தம் போட்டது. "வர்றேன், வர்றேன்" என்று போனிடம் சொல்லிவிட்டு அம்மாக்கண்ணு கையை ஊன்றி எழுந்தாள். கம்பத்தடியில் நின்று, தலைகீழாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். முற்றத்துக்கு வந்து, இருவரில் யாரிடம் என்று சொல்லாமல் பொதுவாக நீட்டினாள்.

"யாருக்கு வந்துகீது? பேர மட்டும் சொல்லுங்க."

கட்டைவிரல் இடம் தவறி ஓரமாகக் கிடந்தது. திரை முழுக்கத் தெரிந்தது. முனியம்மா கழுத்தை நீட்டினாள்.

அதற்குள் ரேணுகாதேவி எழுந்து முன்னால் வந்து நின்றாள். "தங்கவேல் மாமாவுக்கு" என்றாள். புளி ஒட்டிய விரல்களால் அம்மாக்கண்ணுவின் கட்டைவிரலைப் பிடித்து, இரண்டாம் வரியின் மேல் நகர்த்தி வைத்தாள்.